ஈரலின் வரலாறு – 9: இரண்டு பாசனம்

1943ஆம் ஆண்டு. சயாமில் க்வே நொய் ஆற்றங்கரையில் சுங்காய் என்றொரு கைதிகள் முகாம். மூங்கில் கால்கள், கீற்றுக் கூரை, மூங்கில் பிளாச்சுகளை வரிசையாகக் கட்டிய படுக்கை. இதுதான் அங்கே ஆஸ்பத்திரி. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானிய ராணுவம் போட்டுக்கொண்டிருந்த காலம். பாதை வேலையில் காலில் ஒரு மூங்கில் சிலாம்பு கீறினால் போதும், சில நாளில் எலும்பு தெரியும் அளவுக்குப் புண் தின்றுவிடும். சாப்பாட்டில் சத்து இல்லை, புண்ணுக்கு மருந்து இல்லை. முற்றிப்போனவரைக் காப்பாற்றக் காலைத் தொடையோடு எடுப்பது ஒன்றுதான் வழி. முகாமில் கிடைத்த ரம்பத்தை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தவர் ஜேக்கப் மார்க்கோவிட்ஸ். கனடாவின் டொராண்டோ நகரத்து டாக்டர். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது கைதியானவர். நூற்றுக்கும் மேற்பட்ட தொடைகளை அங்கே அவர் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. விடுதலையான பிறகு 1946இல் ராணுவ மருத்துவ இதழில் அதை ஒரு கட்டுரையாக எழுதினார்.

ரத்தம் ஏற்ற வேண்டுமே, அதற்கு என்ன செய்தார்? ரத்தம் உறையாமல் வைத்திருக்கும் மருந்து முகாமில் இல்லை. உடல் சற்றுத் தேறியிருந்த சக கைதியிடம் எடுத்த ரத்தத்தை ஒரு பாத்திரத்தில் விட்டு, மூங்கில் குச்சியால் விடாமல் கலக்கினார்கள். உறைய வைக்கும் நார் குச்சியில் சுற்றிக்கொண்டு வந்துவிடும். மிச்சத்தைத் துணியில் பல மடிப்பாக வடிகட்டி ஏற்றினார்கள். அந்த ரத்தத்தால் பிழைத்தவர்கள் பலர்.

அந்த முகாமில் இருந்தவர்கள் பிரிட்டிஷ், டச்சு, ஆஸ்திரேலியப் போர்க் கைதிகள். நம்முடைய ஆட்கள் வேறு கொட்டகைகளில் கிடந்தார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குத் தஞ்சாவூர், திருச்சி, சேலம், இரண்டு ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மூலம் போன குடும்பங்கள் அவை. இன்றைய எங்கள் கம்மாபுரம் ஒன்றியம் அன்று தென்னார்க்காட்டு மாவட்டத்தில் இருந்தது. ஜப்பானியர் வந்ததும் ரப்பர் வியாபாரம் படுத்துவிட்டது. தோட்டத்தில் வேலை இல்லாத தமிழர்களை முதலில் கூலி தருவதாகச் சொல்லியும், பிறகு வலுக்கட்டாயமாகப் பிடித்தும் சயாமுக்கு ஏற்றினார்கள். போர்க் கைதிகளுக்குத் தங்களுடைய டாக்டர்களாவது இருந்தார்கள். தோட்டத் தொழிலாளர் முகாம்களில் பெரும்பாலும் அதுகூட இல்லை. காலராவும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போயின. போர்க் கைதிகளில் இறந்தவர்கள் சுமார் 12,000 பேர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்களின் கணக்கு அதைப்போலப் பல மடங்கு. கைதிகளுக்குக் கல்லறை வரிசைகளும் பெயர்ப் பலகைகளும் உண்டு. நம்மவர்களுக்குச் சரியான பெயர்ப் பட்டியல்கூட மிஞ்சவில்லை. ஈரலைப் பற்றிய தொடரில் இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். இந்தப் பகுதியின் முக்கிய மனிதர் அந்தக் காட்டிலிருந்து வந்தவர் என்பதால்தான். அவர் வாழ்ந்த அதே ஆற்றங்கரையில் நம் மாவட்டத்து உயிர்களும் போயிருக்கின்றன என்பதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

மார்க்கோவிட்ஸ் போருக்கு முன்பே பெயர் பெற்ற ஆராய்ச்சியாளர். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிராங்க் மான் என்பவரோடு சேர்ந்து நாய்களின் ஈரல், இதயம் பற்றி ஆய்வு செய்தவர். ஒரு நாயின் இதயத்தை இன்னொரு நாயின் கழுத்தில் பொருத்தித் துடிக்க வைத்த 1933ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது. போர் முடிந்து டொராண்டோ திரும்பியவர், எந்தச் சர்ஜனும் தொடப் பயந்த ஒரு ரத்தக்குழாயை எடுத்துக்கொண்டார். அது கல்லீரல் தமனி.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஈரலின் ரத்த ஓட்டத்தைப் பார்த்துவிடுவோம். உடம்பின் பெரும்பாலான உறுப்புகளுக்கு இதயத்திலிருந்து வரும் தமனி வழியாகத்தான் ரத்தம் கிடைக்கும். ஈரலுக்கு இரண்டு வழி. ஒன்று கல்லீரல் தமனி, நேராக இதயத்துப் பக்கமிருந்து ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தோடு வருவது. இன்னொன்று போர்ட்டல் சிரை, குடலும் மண்ணீரலும் சுற்றிய ரத்தத்தைச் சாப்பாட்டின் சத்தோடு கொண்டுவருவது. நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் ஈரலுக்குள் போகிறது. அதில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரையில் வருவது, கால் பங்குதான் தமனியில். ஆனால் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகம் என்பதால், ஆக்சிஜன் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்டச் சரிபாதிக்கு வந்துவிடும்.

கால் பங்கு ரத்தம் கொடுக்கும் குழாய்தானே, அதைக் கட்டினால் என்ன ஆகிவிடும்? நாய்களில் கட்டிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பதில் சாவு. சில நாளில் ஈரல் அழுகி நாய் இறந்துவிடும். மனிதர்களிலும் பித்தப்பை ஆபரேஷனில் தவறிப்போய் அந்தத் தமனியைக் கட்டிவிட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்றே டாக்டர்கள் நம்பினார்கள். மார்க்கோவிட்ஸ் அந்த நாய்கள் எதனால் சாகின்றன என்று தேடினார். ரத்தம் குறைந்ததால் மட்டும் சாகவில்லை. நாயின் ஈரலிலேயே ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. தமனி அடைபட்டு ஆக்சிஜன் குறைந்ததும் அவை பெருகி ஈரலை அழுக வைக்கின்றன. 1949இல் ராப்பபோர்ட், ஸ்காட் என்ற இருவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட சோதனை இதுதான்: தமனியைக் கட்டிய நாய்களுக்குப் பென்சிலின் கொடுத்தார்கள், நாய்கள் பிழைத்துக்கொண்டன.

சாவு என்று எல்லோரும் எழுதி வைத்திருந்த இடத்தில் ஒரு கதவு திறந்தது. 1952இல் அவர் இன்னொரு கட்டுரை எழுதினார். ஈரலில் புற்றுக் கட்டி வந்தவர்களுக்கு இந்தத் தமனியைக் கட்டிப் பார்க்கலாம் என்பது அதில் அவர் சொன்ன யோசனை. இரண்டே ஆண்டில் பென்சில்வேனியாவிலிருந்து பிரீடிஸ், யங் என்ற இருவர் அதற்கு ஆதாரம் தந்தார்கள். இறந்தவர்களின் ஈரல்களிலும், புற்றுக் கட்டி வளர்க்கப்பட்ட விலங்குகளின் ஈரல்களிலும் தமனி வழியே ஒரு நிறம், போர்ட்டல் சிரை வழியே ஒரு நிறம் என்று சாயம் ஏற்றி, எந்தச் சாயம் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தார்கள். நல்ல ஈரலுக்கு இரண்டு சாயமும் போயிருந்தது. புற்றுக் கட்டியில் ஏறியிருந்தது பெரும்பாலும் தமனிச் சாயம் மட்டுமே.

கம்மாபுரம் பக்கத்து விவசாயிக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ஒரே வயலுக்கு ஏரி வாய்க்கால் தண்ணீரும் வருகிறது, போர்வெல் தண்ணீரும் வருகிறது. பயிர் இரண்டையும் குடிக்கிறது. களை மட்டும் போர்வெல் தண்ணீரைத்தான் குடிக்கிறது. அப்படியொரு களை நிஜத்தில் கிடையாது. ஆனால் ஈரலில் அப்படித்தான் இருக்கிறது. போர்வெல் தண்ணீரில் களைக்கொல்லியைக் கலந்து விட்டு, அந்தக் குழாயையும் அடைத்துவிட்டால்? தமனி வழியாக மருந்தை விட்டு அந்தத் தமனியையே அடைக்கும் இன்றைய ஈரல் புற்றுச் சிகிச்சை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. இந்தச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டு வரும் குடும்பங்கள் முதலில் கேட்பதும் இதைப் பற்றித்தான். "ஏம்பா, ஈரலுக்குப் போற ரத்தத்தையே அடைச்சுட்டா ஈரலு செத்துப்பூடாதா?" என்று எங்கள் ஊர்ப் பக்கத்து அத்தை ஒருத்தர் என்னிடம் கேட்டிருக்கிறார். டொராண்டோவில் மார்க்கோவிட்ஸ் நாய்களை வைத்துக் கேட்ட அதே கேள்வி. "இன்னொரு பெரிய குழாய்ல ரத்தம் வந்துகிட்டே இருக்கும் அத்தை, அது அடைபடாம இருக்கான்னு பாத்துட்டுதான் டாக்டர் இதையே செய்வாங்க" என்றேன். அந்தப் பதிலின் இரண்டாம் பாதிக்கு எவ்வளவு கனம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

யோசனை பிறந்துவிட்டது, கை வரவில்லை. 1960களில் ஜப்பானிலும் ஸ்வீடனிலும் சர்ஜன்கள் வயிற்றைத் திறந்து தமனியை நூலால் கட்டிப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியது, ஆனால் நிலைக்கவில்லை. அடிமரத்தில் கட்டினால் உடம்பு பக்கத்துக் கிளைகள் வழியாகப் புது வழி கண்டுபிடித்துவிடும். சில வாரங்களில் கட்டிக்கு மறுபடியும் ரத்தம் போகத் தொடங்கிவிடும். அதற்குள் நோயாளி ஒரு பெரிய ஆபரேஷனைத் தாங்கியிருக்க வேண்டும். சுருங்கிப்போன ஈரலோடு இருப்பவருக்கு அது ஆகிற காரியமில்லை.

மருந்தைத் தமனிக்குள்ளேயே விடும் வழி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. போர் நச்சுவாயுவின் உறவான நைட்ரஜன் மஸ்டர்டுதான் புற்றுக்குக் கொடுத்த முதல் ரசாயன மருந்துகளில் ஒன்று. வாஷிங்டனில் ஒரு நோயாளிக்கு அதைச் சிரையில் போட வேண்டியது, தவறிக் கைத் தமனிக்குள் போய்விட்டது. அந்தத் தமனி போகும் இடத்தில் மட்டும் தோல் கடுமையாகப் புண்பட்டது. கால்வின் கிளாப் என்ற சர்ஜன் இதைக் கவனித்து, வேண்டுமென்றே கட்டிக்குப் போகும் தமனியில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, 1950இல் அதைக் கட்டுரையாக்கினார். உடம்பு முழுக்கச் சுற்றி வரும் மருந்தைவிட நேராக இடத்துக்கே போகும் மருந்து பல மடங்கு அடர்த்தியாக இருக்கும் என்ற கணக்கு அங்கே தொடங்கியது. 1960களில் பாஸ்டனில் ராபர்ட் சல்லிவன் கல்லீரல் தமனிக்குள் குழாய் வைத்து நாள் கணக்கில் மருந்து விட்டார். தோலுக்கு அடியில் புதைக்கும் பம்புகளும் பின்னால் வந்தன. குடலிலிருந்து ஈரலுக்குப் பரவும் புற்றுக்கு இந்த வழி இன்னும் சில இடங்களில் நடக்கிறது. நம் ஊரில் அது அவ்வளவாகப் புழக்கத்துக்கு வரவில்லை.

வயிற்றைத் திறக்காமல் உள்ளே போகும் வழியைத் தந்தவர் ஸ்வீடனின் ஸ்வென்-இவார் செல்டிங்கர். 1953இல் அவர் சொன்ன முறை கேட்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். ஊசியைக் குத்து, ஊசிக்குள் மெல்லிய கம்பியை விடு, ஊசியை எடுத்துவிடு, கம்பி மேலேயே குழாயை நழுவ விடு, கம்பியை உருவு. இன்று ஆஞ்சியோ, ஸ்டெண்ட், டயாலிசிஸ் குழாய் என்று எதைச் செய்தாலும் முதல் நிமிஷம் செல்டிங்கருடையதுதான். நெஞ்சு வலி வந்து ஆஞ்சியோ செய்துகொண்ட அண்ணன் தம்பி நம்மில் பலருக்கு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

இந்த மூன்று சரடும் சேர்ந்து முறுக்கேறியது ஜப்பானில். பிரான்சில் 1974இலேயே டோயான் என்பவரும் சக டாக்டர்களும் குழாய் வழியாகக் கல்லீரல் தமனியை அடைத்துக் காட்டியிருந்தார்கள். ஆனால் இதை ஒரு தேசத்தின் அன்றாட வைத்தியமாக்கும் அவசரம் ஜப்பானுக்குத்தான் இருந்தது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஊசிகள் மூலம் பரவிய வைரஸ் (அது ஹெபடைடிஸ் சி என்பது 1989இல்தான் தெரிந்தது) இருபது முப்பது ஆண்டு கழித்து ஈரல் சுருக்கமாகவும், பிறகு ஈரல் புற்றாகவும் 1970களிலிருந்து வெளிப்பட்டுக்கொண்டிருந்தது. சுருங்கிய ஈரலில் பெரிய பகுதியை அறுத்தெடுத்தால் மிச்சம் தாங்காது. ஆபரேஷன் முடியாதவர்கள் வார்டு வார்டாக இருந்தார்கள்.

ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தின் ரேடியாலஜிஸ்ட் ரியுசாகு யமாதா, 1970களின் கடைசியில், ஜெலட்டின் பஞ்சைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, மைட்டோமைசின் அல்லது அட்ரியாமைசின் மருந்தில் ஊற வைத்து, குழாய் வழியாகக் கல்லீரல் தமனிக்குள் விட்டார். ரத்தம் நிறுத்த ஆபரேஷனில் வைக்கும் அதே ஜெலட்டின் பஞ்சுதான். அதில் ஒரு வசதி உண்டு. சில வாரங்களில் அது தானாகக் கரைந்துவிடும். தமனி மறுபடி திறந்துகொள்ளும். கட்டி மீண்டும் தலையெடுத்தால் அதே வழியாகத் திரும்பப் போகலாம். நூலால் கட்டிய தமனியில் அந்தப் பாக்கியம் கிடையாது. அடைப்பும் அடிமரத்தில் விழாமல் கட்டிக்குப் போகும் கிளைகளின் நுனியில் விழும். 1983இல் யமாதா 120 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். ஓராண்டு தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 44 சதவீதம். வேறு வழியே இல்லாதவர்கள் என்று கைவிடப்பட்டவர்களின் கணக்கு அது.

அந்தப் பஞ்சோடு சேர்ந்த இன்னொரு பொருளின் கதை நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. லிப்பியடால் என்பது கசகசா எண்ணெயில் அயோடினைச் சேர்த்துச் செய்த எண்ணெய். குருமாவுக்கு அரைத்து விடுகிறோமே அதே கசகசா. 1901இல் பாரிஸில் மார்சல் கெர்பே என்ற மருந்தியல் பேராசிரியர் இதைச் செய்தபோது அயோடினை உடம்புக்குள் செலுத்தும் மருந்தாகத்தான் எண்ணினார். அயோடின் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் என்பதால் 1920களில் அது படம் எடுக்கும் திரவமாயிற்று. பல பத்தாண்டு கழித்து ஜப்பானின் குமாமோட்டோவில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். கல்லீரல் தமனியில் விட்ட இந்த எண்ணெய் நல்ல ஈரலிலிருந்து கழுவிப் போய்விடுகிறது, புற்றுக் கட்டிக்குள் மட்டும் வாரக்கணக்கில் தங்கிவிடுகிறது. கட்டியின் ரத்தக்குழாய்கள் ஒழுங்காக உருவானவை அல்ல, ஒழுகும் குழாய்கள். ஒழுகியதை வாரிக்கொண்டு போக நல்ல ஈரலில் இருக்கும் வசதிகளும் அங்கே இல்லை. 1983இல் கொன்னோ, மயேதா ஆகியோர் மருந்தை இந்த எண்ணெயோடு சேர்த்தே செலுத்திப் பலன் கண்டார்கள். மருந்தைச் சுமந்துபோகிறது, கட்டிக்குள் பிடித்துவைக்கிறது, எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஸ்கேனில் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது.

இன்று ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் அறைக்குள் நடப்பது ஏறக்குறைய இதுதான். நோயாளிக்கு மயக்க மருந்து பெரும்பாலும் கிடையாது. தொடை இடுக்கில், சில இடங்களில் மணிக்கட்டில், மரத்துப்போகும் ஊசி மட்டும் போடுவார்கள். குழாய் தமனியில் ஏறி வயிற்றுப் பெருந்தமனியைத் தொட்டு, அங்கிருந்து ஈரலுக்குப் பிரியும் கிளைக்குள் திரும்பும். சாயம் விட்டதும் திரையில் கிளைகள் கறுப்பாக விரிகின்றன. கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் மை கொட்டியதுபோல் ஒரு திட்டு. அந்தத் திட்டுக்குப் போகும் கிளையைத் தேடி, பெரிய குழாய்க்குள்ளேயே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள இன்னொரு குழாயை விடுகிறார்கள். பக்கத்து மேஜையில் டாக்ஸோரூபிசின். யமாதா காலத்து அட்ரியாமைசின்தான் அது. ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருக்கும். ஐம்பது மில்லிகிராம் அளவு மருந்தைக் கரைத்து ஒரு சிரிஞ்சிலும், லிப்பியடாலை இன்னொரு சிரிஞ்சிலும் எடுத்து, இரண்டுக்கும் நடுவில் மூன்று வழித் திருகு வைத்து, இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று தள்ளிக்கொண்டே இருப்பார் உதவியாளர். எண்ணெயும் தண்ணீரும் மனமில்லாமல் கலந்து ரோஜா நிறக் குழம்பாகும். அதைத் திரையைப் பார்த்தபடி மெல்ல மெல்ல விடுவார்கள். எண்ணெய் கட்டிக்குள் நிறைந்து ஓட்டம் தளர்ந்ததும், நறுக்கி வைத்த ஜெலட்டின் பஞ்சை விட்டு அடைப்பார்கள். கடைசியாக ஒரு படம். மை கொட்டிய இடத்தில் இப்போது ஒன்றும் தெரியாது.

அதற்குப் பிறகு காலை மடக்காமல் மணிக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளைக்குக் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழ் வலி, குமட்டல் வரும். பெரும்பாலும் அது கிருமியால் வரும் காய்ச்சல் இல்லை, கட்டி சாவதால் வருவது. இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் வீட்டார் கலங்கிப்போகிறார்கள். ஏற்ற இடத்தில் உட்கார்ந்து சொல்லும் நர்ஸ் ஒருவர் இருந்தால் பாதிப் பயம் அங்கேயே தீரும் என்பது நான் பார்த்த உண்மை.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தப் பகுதியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ஜப்பானில் ஆயிரக்கணக்கில் செய்துகொண்டிருந்த இந்தச் சிகிச்சை உண்மையிலேயே ஆயுளை நீட்டுகிறதா? கட்டி சுருங்குவது வேறு, ஆள் பிழைத்திருப்பது வேறு. 1995இல் பிரான்சிலிருந்து வந்த பதில் எல்லோரையும் உலுக்கியது. 96 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் சிகிச்சை கொடுத்தார்கள். ஓராண்டில் உயிரோடு இருந்தவர்கள் சிகிச்சை பெற்றவர்களில் 62 சதவீதம், பெறாதவர்களில் 43.5 சதவீதம். வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தாலும் தற்செயல் இல்லை என்று சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை போதவில்லை. கட்டி சுருங்கியது, ஆனால் சிகிச்சை பெற்றவர்களில் பலருக்கு ஈரல் செயலிழப்பு வந்தது. ஐரோப்பாவில் பலர் இதோடு கைகழுவத் தயாரானார்கள்.

ஏழு ஆண்டு கழித்து, 2002இல், இரண்டு ஊர்களிலிருந்து வேறு பதில் வந்தது. பார்சிலோனாவில் யோவெட்டும் குழுவினரும் 903 நோயாளிகளைச் சோதித்து, அவர்களில் 112 பேரை மட்டுமே ஆய்வில் சேர்த்தார்கள். இரண்டாண்டு முடிவில் சிகிச்சை பெற்றவர்களில் 63 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், பெறாதவர்களில் 27 சதவீதம். ஹாங்காங்கில் 279 பேரில் 80 பேரைத் தேர்ந்தார்கள். அங்கே பெரும்பாலோர் ஹெபடைடிஸ் பி வைரஸ் உள்ளவர்கள், கட்டியும் பெரிது. இரண்டாண்டில் 31 சதவீதத்துக்கு எதிராக 11, மூன்றாண்டில் 26 சதவீதத்துக்கு எதிராக 3. அதே மருந்து வகை, அதே பஞ்சு, அதே எண்ணெய். மாறியது என்ன? யாருக்குச் செய்கிறோம் என்பதைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தார்கள். நல்ல ஈரல் போதிய அளவு மிச்சம் இருக்கிறதா, காமாலை இல்லையா, வயிற்றில் நீர் கோக்கவில்லையா, போர்ட்டல் சிரை அடைபடாமல் ஓடுகிறதா என்று பார்த்தார்கள். அந்தச் சிரையில் ஏற்கெனவே கட்டி புகுந்து அடைத்திருக்கும்போது தமனியையும் அடைத்தால் ஈரலுக்கு எந்தப் பக்கமும் பாசனம் இல்லை. அத்தைக்குச் சொன்ன பதிலின் கனம் இதுதான்.

903 பேரில் 112 என்ற எண்ணிக்கையைப் படித்தபோது என் மனம் மருந்தை விட்டுவிட்டு மிச்சம் 791 பேரிடம் போயிற்று. அவர்களில் ஆபரேஷனுக்கோ மாற்று ஈரலுக்கோ தகுதியானவர்கள் சிலர் இருந்திருப்பார்கள். காலம் கடந்து வந்தவர்களும் இருந்திருப்பார்கள். நம் பக்கத்தில் அந்தக் கடைசி வரிசைதான் நீளம். இந்திய ஈரல் மருத்துவர்கள் சங்கம் ஒடிசாவின் பூரியில் கூடி விவாதித்து 2014இல் வெளியிட்ட பரிந்துரைகள், நடுக்கட்டத்தில் இருப்பவர்களுக்கு, அதாவது கட்டி ஈரலுக்குள்ளேயே இருந்து, ஆபரேஷன் முடியாமல், ஈரல் ஓரளவு வேலை செய்கிறவர்களுக்கு, இந்தச் சிகிச்சையைத்தான் முதலில் சொல்கின்றன. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இது வழக்கமான வேலை. அந்த நடுக்கட்டத்தில் வந்து சேருவதுதான் நம்மவர்களுக்கு வாய்ப்பதில்லை.

கம்மாபுரத்திலிருந்து ஒருவர் போகும் வழியை யோசித்துப் பாருங்கள். பசி இல்லை, உடம்பு இளைக்கிறது. மெடிக்கலில் டானிக். கண் மஞ்சளானால் கீழாநெல்லி. (கீழாநெல்லியை நான் குறைத்துப் பேசவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்த புளும்பெர்க்கும் சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் அதைப் பற்றி எழுதியதை முன்பே பார்த்தோம். பின்னால் வந்த ஆய்வுகள் அந்தப் பலனை உறுதி செய்யவில்லை என்பதையும் பார்த்தோம்.) வயிறு உப்பிய பிறகு விருத்தாசலம், அங்கிருந்து கடலூர் அல்லது புதுச்சேரி ஜிப்மர். ஸ்கேனில் கட்டி தெரியும்போது போர்ட்டல் சிரை பெரும்பாலும் போய்விட்டிருக்கும். ஹெபடைடிஸ் பி உள்ளவர், குடியால் ஈரல் சுருங்கியவர், சர்க்கரையும் கொழுப்பு ஈரலுமாக இருந்து சுருக்கம் வந்தவர் ஆகியோர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொண்டால், கட்டி சிறியதாக இருக்கும்போதே பிடிபட வாய்ப்பு உண்டு. நெல்லிக்காய் அளவில் பிடிபட்ட கட்டிக்குத் தமனியை அடைக்கும் வேலைகூடத் தேவைப்படாது, ஊசி விட்டுச் சுட்டே அழித்துவிடலாம். அந்த ஸ்கேனுக்குக் கேத் லேப் வேண்டாம், தாலுகா ஆஸ்பத்திரி போதும். அதை யார் யாருக்கு எடுக்க வேண்டும் என்ற பட்டியல் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும் என்பதை இந்தத் தொடரில் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

2002க்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க்குப் பதில் மருந்தை மெல்ல விடும் நுண்மணிகள் வந்தன. ரத்தத்தில் கலந்து உடம்புக்குப் போகும் மருந்து அவற்றில் குறைவு. ஆயுள் கணக்கில் எண்ணெய் முறையைப் பெரிதாக மிஞ்சவில்லை. யட்ரியம்-90 என்ற கதிர்வீச்சுப் பொருளை ஏற்றிய நுண்மணிகளும் உண்டு, அவை அடைப்பதைவிடச் சுடுவதையே நம்பியவை. அண்மையில் தமனி சிகிச்சையோடு நோய் எதிர்ப்பைத் தூண்டும் மருந்தையும் கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துப் பார்த்த எமரால்ட்-1 ஆய்வில், நோய் முற்றாமல் இருந்த காலம் 8.2 மாதத்திலிருந்து 15 மாதமாகக் கூடியது. அந்த மருந்துகளின் விலை இன்னும் நம் வீடுகளுக்கு எட்டும் விலை இல்லை.

மார்க்கோவிட்ஸ் தொட்டது நோயின் கடைசிக் கட்டம். நோயின் முதல் கட்டத்தில் இருப்பவை வைரஸும் பூஞ்சையும். ஹெபடைடிஸ் பி வைரஸுக்குத் தடுப்பூசி வந்துவிட்டது. 2011 முதல் அது நாடு முழுக்கக் குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. பூஞ்சையின் கதை நம் மணிலாக் கொட்டைக் களத்திலேயே இருக்கிறது. சரியாகக் காயாத மணிலாவில் படரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை விடும் நஞ்சு அஃப்ளாடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோது அது பிடிபட்டது. 1964இல் ஹைதராபாத்தில் சி. கோபாலனும் சக ஆய்வாளர்களும் அதைக் குரங்குக் குட்டிகளுக்குக் கொடுத்து ஈரல் கெடுவதைக் காட்டினார்கள். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்று நோயுற்ற 397 பேரில் 106 பேர் இறந்தார்கள். விருத்தாசலம் விற்பனைக் கூடத்துக்கு வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் அந்தக் கதையோடு தொடர்பு உண்டு. அடுத்த பகுதி அதைப் பற்றியது.

(தொடரும்)